பதினைந்தாம் வீட்டின் மேல் விழுந்த வட்டம்

போன மாதம் விமலாவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் குரூப் ஆபிஸில் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு அவள்தான் ஆசிரியராம். "அண்ணே, நீங்க ஓ.எச்.பி. ஓட்டுன காலத்தப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. இப்ப உள்ள பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல ஸ்கிரீன்ல பாதிய மட்டும் காட்டுறாங்க, மேலேயே கோடு போட்டு விளக்குறாங்க. அதையெல்லாம் நீங்க அப்பவே கையால செஞ்சீங்கன்னு தெரியட்டும் லா" என்று எழுதியிருந்தாள்.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஆசிரியர் பதவியும் அவளுக்கேதானா, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று தோன்றியது. எழுபது தாண்டியும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை. சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். ஆனால் அவள் எதிர்பார்க்கிற கட்டுரை இது இல்லை.

நான் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். ஐந்தாம் படிவம் முடித்ததும் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கை நன்றாக வரையும் என்று யாரோ சொல்லப்போய், மூன்றே வருடத்தில் லுக்குட் ரோட்டில் இருந்த குரூப் ஆபிஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஏழு தோட்டங்களுக்கு அதுதான் தலைமை ஆபிஸ். ரப்பர் காடு, செம்பனைக் காடு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள், கிணறு, கோயில், வாய்க்கால் எல்லாவற்றுக்கும் பிளான் வரைவது என் வேலை.

எழுபதுகளின் கடைசியில் ஆபிஸுக்கு ஓ.எச்.பி. வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது விளக்கு வைத்த ஒரு பெட்டி. மேலே கண்ணாடி. கண்ணாடியின் மேல் பிளாஸ்டிக் தாளில் எழுதியதை வைத்தால், அது பெரிதாகிச் சுவரில் விழும். மாதம் ஒரு தடவை ஏழு தோட்டத்துத் துரைமாரும் கூடுவார்கள். பெட்டியின் பக்கத்தில் நான் நிற்பேன்.

தாளை வைத்துவிட்டால் மட்டும் போதுமா? முழுசையும் ஒரேயடியாகக் காட்டினால், பேசுகிறவர் முதல் வரியில் இருக்கும்போது கேட்கிறவர் கடைசி வரிக்குப் போய்விடுவார். அதனால் மணிலா அட்டையில் சன்னல் மாதிரி ஒரு கட்டம் வெட்டி வைத்திருந்தேன். எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறார்களோ அது மட்டும் அந்தச் சன்னலில் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. அட்டையைத் தாளுக்கு மேல் வைக்கக்கூடாது, மேலே சுற்றுகிற காற்றாடி தூக்கிக்கொண்டு போய்விடும். அடியில்தான் வைக்கவேண்டும். பிளான் மேல் நேரடியாக எழுதவும் கூடாது. அதன்மேல் வெறும் தாள் ஒன்றை விரித்து, அதில்தான் மார்க்கர் பேனாவால் வட்டமோ கோடோ போடவேண்டும். கூட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பிளான் கெடாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் தாளையும் அடித் தாளையும் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டிவிடவேண்டும். ஒட்டாவிட்டால், பிளானை நகர்த்தும்போது பிளான் மட்டும் போகும், வட்டம் போட்ட இடத்திலேயே நிற்கும். ஆரம்பத்தில் ஒரு தடவை ஒட்ட மறந்துவிட்டேன். மருந்து அடிக்கவேண்டிய காட்டில் நான் போட்ட வட்டம், பிளானை இழுத்ததும் பக்கத்துக் கன்றுக் காட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தெரியவே இல்லை. பெரிய கிராணி கனகசபை மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"செலோடேப் ஒட்டாமல் ஆர் உன்னை இதில நிக்கச் சொன்னது? நீ கண்ணாடியைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய். சனம் பாக்கிறது சுவரை. கண் சுவரில இருக்கவேணும் காணும்!"

கனகசபை யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா காலத்திலிருந்தே கிராணி உத்தியோகம். சத்தம் போடுவது அபூர்வம். பேசும்போது பென்சிலைப் பிளேடால் சீவிக்கொண்டே இருப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் திட்டுகிறாரா, சும்மா கேட்கிறாரா என்பதைப் பிளேடு போகிற வேகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர் ஒரு சட்டம் வைத்தார்: பெட்டியை ஒருவர் ஓட்டினால், சுவரைப் பார்க்க இன்னொருவர் இருக்கவேண்டும். என் கூட்டங்களில் அவரே சுவரைப் பார்த்தார். பதினேழு வருடம் பார்த்தார். ஒரு தடவைகூட நான் தவறவில்லை. ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து 'நல்லது' என்ற சொல்லும் வந்ததில்லை.

வராவிட்டால் என்ன என்று இருந்தேன். "தனபாலன் வந்தாச்சா?" என்று துரைமார் கேட்டுவிட்டுத்தான் கூட்டத்தை ஆரம்பிப்பார்கள். அந்தப் பெட்டியின் சுவிட்சை வேறு யாரும் தொடமாட்டார்கள். அது போதும் எனக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் விமலா வந்தாள். மந்தின் ஊர்ப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். கம்பெனி அவளோடு ஒரு கம்ப்யூட்டரையும், கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு சாமானையும் அனுப்பியிருந்தது. அந்தப் பலகையை என் ஓ.எச்.பி.யின் மேல் வைத்து வயரைச் செருகினால், கம்ப்யூட்டரில் தெரிவது சுவரில் தெரியும். கவனித்தீர்களா? என் பெட்டியின் தலைமேல் அவள் பெட்டி. பதினேழு வருடம் நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஓ.எச்.பி., அவள் வந்த அன்றைக்கு வெறும் விளக்காகிவிட்டது.

முதல் நாள் அவள் செய்து காட்டியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவளிடம் ஒரு மென்பொருள் இருந்தது. கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்து இழுத்தாள், திரையில் ஒரு கட்டம் விழுந்தது. கட்டத்துக்கு வெளியே எல்லாம் கறுப்பு. என் மணிலா அட்டைதான்! ஆனால் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், நினைத்த அளவுக்குப் பெரிதாக்கலாம். இன்னொரு பொத்தானை அழுத்தினாள், சிவப்புப் பேனா வந்தது. காட்டைச் சுற்றி வட்டம் போட்டாள். என் மார்க்கர் பேனாதான்! ஈரத்துணிகூட வேண்டாம், ஒரு பொத்தானில் அழிந்துவிட்டது. அவள் காட்டிய பிளான் யார் வரைந்தது? நான் வரைந்தது. சிரம்பானுக்கு எடுத்துப்போய் ஸ்கேன் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

கனகசபை பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நல்லது பிள்ளை."

பத்தே நிமிடம். பத்து நிமிடத்தில் அவளுக்கு அந்தச் சொல் கிடைத்துவிட்டது. என் வயிறு பற்றி எரிந்தது. பூசி மெழுகாமல் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி எரிந்ததில்லை.

அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அப்படியும் இல்லை. "அண்ணே, உங்க பிளான் இல்லாட்டி இந்த மிஷின் வெறும் டப்பா லா" என்பாள். எந்தக் காடு எங்கே முடிகிறது, எந்த லயத்தில் எத்தனை வீடு என்று என்னிடம் வந்து உட்கார்ந்து கேட்பாள். நான் சொல்லிக் கொடுப்பேன். வீட்டுக்குப் போய் அவளைப் பற்றி நொட்டை சொல்வேன். ஒரு நாள் என் மனைவி பார்வதி சோற்றுக் கரண்டியோடு நின்று கேட்டேவிட்டாள்: "அந்தப் பொம்பள பேரச் சொல்லாம உங்களுக்குச் சோறு எறங்காதா? நானும் எத்தன நாளுதான் கேக்குறது?"

ஒன்றை மட்டும் நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தச் சிவப்புப் பேனா பிளான் மேல் எழுதவில்லை, திரை மேல் எழுதியது. பிளானை நகர்த்தினால் வட்டம் கூடவே வராது. அதாவது மேல் தாளுக்கு செலோடேப் ஒட்டவில்லை. இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் நகர்த்துவதற்கு முன் அழித்துவிட்டு மறுபடி போடுவாள், அதனால் தப்பு நடக்கவில்லை. அவசரத்தில் ஒரு நாள் மறப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது. எங்கள் தோட்டமொன்றில், செம்பனை ஆலைக்கு லாரி போக லயத்துக்குப் பின்னால் புது ரோடு போட முடிவு செய்தார்கள். அந்த லயத்தில் இருபது வீடுகள், ஒரே வரிசை. ஒன்பதிலிருந்து பதினாலு வரை ஆறு வீடுகளின் பின்கட்டை மட்டும் எடுக்கவேண்டும். பின்கட்டு என்றால், சனங்கள் தாங்களாகப் பலகையும் தகரமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அடுப்படி, கோழிக் கூண்டு, மாட்டுக் கொட்டகை. இதை எல்லோருக்கும் படம் போட்டே காட்டிவிடலாம் என்று துரை சொன்னார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், சன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம்.

அன்று கனகசபை இல்லை. கண்ணில் புரை எடுப்பதற்காகச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தார். கூட்டத்துக்கு முன்னால் விமலா என்னிடம் வந்தாள். "அண்ணே, நான் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு இருப்பேன். வீட்டு நம்பரும் எனக்கு அவ்வளவா புடிபடாது. நீங்க சுவத்துப் பக்கம் உக்காந்து பாத்துக்குங்க. தப்புன்னா கைய தூக்குங்க, நான் நிறுத்திக்கிறேன்."

"சரிம்மா" என்றேன்.

ஆறு வட்டங்களையும் சரியாகத்தான் போட்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. அப்போது துரை, ரோடு எங்கே வளைகிறது என்று காட்டச் சொன்னார். வளைவு கட்டத்துக்கு வெளியே இருந்தது. அவள் பிளானை இடப்பக்கம் கொஞ்சம் இழுத்தாள். பிளான் ஒரு வீடு நகர்ந்தது. வட்டங்கள் அப்படியே நின்றன. ஒன்பதாம் வீடு வட்டத்திலிருந்து தப்பிவிட்டது. அது யாரும் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடு. கடைசி வட்டம் பதினைந்தின் மேல் விழுந்தது. பதினைந்துக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். தொட்டியை உரசிக்கொண்டு வட்டம் நிற்பதைப் பார்த்தேன். அந்தத் தொட்டியை வரைந்தவனே நான்தான்.

விமலா இருட்டில் என் பக்கம் திரும்பினாள். "சரியா அண்ணே?"

நான் தலையாட்டினேன்.

அந்த ஒரு நொடியில் என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிளானைப் பார்த்து எழுதும் கடிதம் வரும்போது அதில் வேறு நம்பர் இருக்கும், மிஷின் தப்பு, அவள் தப்பு என்று ஊரே சொல்லும், கனகசபை தன் 'நல்லது'வைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இவ்வளவுதான் நினைத்தேன். துரை பேசி முடித்தார்: வட்டம் போட்ட வீட்டுக்காரர்கள் இரண்டு வாரத்துக்குள் பின்கட்டைக் காலி பண்ணவேண்டும், பிறகு கடிதம் வரும். சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

பதினைந்தாம் நம்பர் கோவிந்தன் வீடு. காட்டுக்கு மருந்து அடிக்கிற ஆள். பின்னால் கொட்டகை போட்டு மூன்று மாடு வைத்திருந்தான். ஆபிஸ் ஸ்டாஃப் வீடுகளுக்கெல்லாம் காலையில் அவன்தான் பால் ஊற்றுவான். என் வீட்டுக்கும்தான். செவ்வாய்க்கிழமை காலை பால் போத்தலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஐயா, இந்த வாரத்தோட பாலு கெடையாதுங்க. மாட்ட வித்து ஏத்திவிடப் போறேன். வெசாழக்கெழம லாரி வருது."

"ஏன்டா?"

"கொட்டாயப் பிரிக்கச் சொல்லிட்டாங்களே. சொவத்துல வட்டம் போட்டுக் காட்டுனாங்க, நீங்களும்தான் இருந்தீங்க. மூணையும் கொண்டுபோயி எங்கங்க கட்டுறது? எம் பொண்டாட்டி நேத்துலேர்ந்து ஒரே அழுவ. சின்னக் கன்னுக்குட்டிய அவதான் புட்டிப்பாலு குடுத்து வளத்தா."

வாயைத் திறந்தேன். உள்ளே பார்வதி நின்றுகொண்டிருந்தாள். உன் வீடு இல்லைடா, வட்டம் நகர்ந்துவிட்டது என்று சொன்னால், பார்த்துக்கொண்டே ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்பான். "அப்படியா" என்று மட்டும் சொல்லி போத்தலை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்கே துரையிடம் சொல்லிவிடுவது என்றுதான் சைக்கிளை மிதித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்ணத்தோடுதான் போனேன். ஆபிஸில் எல்லோரும் விமலாவின் மேசையைச் சுற்றி நின்றார்கள். கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். கோலாலம்பூருக்கு வந்து மற்ற குரூப் ஆபிஸ்காரர்களுக்கும் இதைச் செய்து காட்டவேண்டுமாம். "தனா அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போறேன், பிளான் அவரோடதுதானே" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணைக்கு நான்! பெட்டி தூக்க! துரையின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். புதன்கிழமையும் உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை லாரி வந்தது.

அடுத்த வாரம் கடிதங்கள் போயின. கோவிந்தனுக்கு வரவில்லை. கொட்டகையைத் தானே பிரித்துப் பலகையை அடுக்கி வைத்துவிட்டு ஆபிஸ் கவுண்டருக்கு வந்தான். "எல்லாருக்கும் கடுதாசி வந்திருக்கு. எனக்கு மட்டும் வரலீங்களே" என்றான். பிளானை எடுத்துப் பார்த்தார்கள். உன் வீடு இதில் இல்லையப்பா என்று சொன்னார்கள். அவன் சண்டை போடவில்லை. "அப்ப எம் மாடு?" என்று ஒரே கேள்வி கேட்டான். மாட்டை வாங்கிய ஆள் அதற்குள் எல்லாவற்றையும் கைமாற்றிவிட்டிருந்தான்.

கனகசபை கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு ஆபிஸுக்குத் திரும்பினார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பென்சிலை எடுத்தார். பிளேடு மெதுவாகப் போனது, அது நல்லதற்கு இல்லை.

"கருவியைப் பிள்ளை ஓட்டினது. சரி. சுவரைப் பாத்தது ஆர்?"

கண்ணாடிக்குப் பின்னால் அவர் யாரைப் பார்த்துக் கேட்கிறார் என்று தெரியவில்லை.

"யாரும் இல்ல சார்" என்றாள் விமலா. "நானே பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

பிளேடு நின்றது. "அப்ப ரெண்டு பேரும் போகலாம்" என்றார்.

கோலாலம்பூர்ப் பயணம் நின்றது. விமலாவைப் பகாவ் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்கு மாற்றி, பழைய ஃபைல்களை அடுக்கும் வேலை கொடுத்தார்கள். கண்ணாடிப் பலகையைப் பெட்டியில் போட்டு ஸ்டோரில் வைத்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் என் ஓ.எச்.பி. மறுபடி தனியாக நின்றது. மணிலா அட்டையைத் தேடி எடுத்தேன். செலோடேப் ஒட்டினேன். "தனபாலன் வந்தாச்சா?" என்று துரை கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அன்று எனக்கு இருந்தது சந்தோஷம்தான். வெட்கம் மறுநாள் காலையில், வாசலில் டின்பால் டப்பாவைப் பார்வதி உடைக்கும்போது வந்தது.

அது வந்த பிறகு என்னை விடவில்லை. ஆறு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் போய் பஸ் மாறி பகாவ் போனேன். விமலா ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "என்னாண்ணே இவ்வளவு தூரம்! சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே" என்று மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"விமலா, அன்னிக்கு பள்ளிக்கூடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை ஆட்டித் தடுத்துவிட்டாள். "விடுங்கண்ணே. எனக்குத் தெரியும். நீங்க சுவத்தப் பாக்கல. என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க, அத்தன பேரு முன்னால தடுமாறிடுவேனோன்னு. நான் கேட்டதும் பாக்காமலே தலையாட்டிட்டீங்க. அதுக்குப் போயி உங்க பேரையும் இழுத்துவிட எனக்கு மனசு வரல. உங்களுக்குப் பிள்ளைங்க படிக்குது."

அவள் என்னைக் காப்பாற்றியது, நான் கவனிக்காமல் விட்ட நல்ல மனுஷன் என்று நம்பித்தான். அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்குத்தானே அவ்வளவு தூரம் போனேன்? ஆனால் அந்த நேரத்திலும் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? பெருந்தன்மையிலும் இவளே ஜெயித்துவிட்டாளே என்ற எரிச்சல். மைலோவைக் குடித்தேன். "ஆமாம்மா, கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்து என்னை ஏற்றிவிட்டுப் போனாள்.

அவள் இரண்டு வருடம் ஃபைல் அடுக்கினாள். பிறகு வேறு கம்பெனிக்குப் போய் நன்றாகவே வந்துவிட்டாள். கனகசபை போய்ச் சேர்ந்தார். கோவிந்தன் அதற்குப் பிறகு மாடு வாங்கவே இல்லை. ஓய்வு பெறும்வரை மருந்துதான் அடித்தான். வழியில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி "ஐயா" என்று கும்பிடுவான். போன வருடம் போர்டிக்சனில் அவன் சாவுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி என்னைப் பார்த்து, "பாலு ஊத்துன வீட்டு ஐயா" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்.

விமலா, இதை முதலில் படிக்கப்போவது நீதான். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். போட்டால் கோவிந்தனின் மனைவிக்கு யாராவது படித்துக் காட்டட்டும். இத்தனை வருடமாக நீ ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ கேட்டபோது நான் உன்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.